நிச்சயமில்லாத காலத்தில் இரக்கம், ஓய்வு, நன்றி: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயில் மண்டபத்தில், துக்க வீட்டுப் பந்தலில், நிவாரணப் பொதி கட்டும் இடத்தில் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகள் இவை. பதில் எழுதுபவர் சைவர். குருக்களும் இல்லை, போதகரும் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் கத்தோலிக்கக் குடும்பம், தெரு முனையில் பள்ளிவாசல் என்று இந்த ஊரில் வளர்ந்தால் மூன்று வீட்டுக் கதையும் தெரிந்துவிடும். அதனால் பதில்களில் எல்லாம் கலந்துதான் வரும்.

திருகோணமலைக்கு நிச்சயமான காலம் என்று ஒன்று எப்போது இருந்தது? இப்போது மட்டும் ஏன் இந்தப் பேச்சு?

நியாயமான கேள்வி. 1964 டிசம்பரில் புயல். பிறகு யுத்த வருடங்கள். 2004 டிசம்பர் 26 கடல். 2006 ஓகஸ்டில் மூதூர்ச் சனம் கையில் அகப்பட்டதோடு வெளிக்கிட்டது. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு, 2020 ஊரடங்கு, 2022இல் எரிபொருள் வரிசையும் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை போன மின்வெட்டும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலும் மகாவலி வெள்ளமும்.

"எங்களுக்கு இது பழகிப்போச்சு" என்று இங்கே பலரும் சொல்வார்கள். பழகியது உண்மை. களைத்ததும் உண்மை. ஒரு வெள்ளத்துக்குப் பிறகு வரும் களைப்பில் அதற்கு முந்தைய இருபது வருடக் களைப்பும் சேர்ந்தே வருகிறது. சின்ன விஷயத்துக்கு வீட்டில் சத்தம் போடுகிறோம், நிவாரண வரிசையில் பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை பிடிக்கிறோம். நாங்கள் கெட்டவர்களாகிவிட்டதால் இல்லை, ஓய்ந்து உட்கார்ந்து நெடுநாள் ஆகிவிட்டது. இந்தப் பக்கத்தில் ஓய்வைப் பற்றி அதிகமாக எழுதியிருப்பதற்குக் காரணமும் அதுதான்.

எனக்கு மனமே ஒட்டவில்லை. உணர்ச்சி இல்லாமல் காட்டும் இரக்கமும் சொல்லும் நன்றியும் போலி இல்லையா?

இல்லை. நம்முடைய எந்த மதமும் மனம் வரும்வரை காத்திருக்கச் சொல்லவில்லை. நேரமும் அளவும் வைத்துவிட்டது. தலையிடி என்றாலும் குருக்கள் விடியப் போய் நடை திறக்கிறார். ஐந்து வேளைத் தொழுகை சூரியன் நிற்கும் இடத்தைப் பார்த்து வருகிறது, தொழுகிறவரின் மனநிலையைக் கேட்டு வருவதில்லை. ஞாயிறு பூசை ஞாயிறுதான். ஸகாத் என்ற கடமைக் கொடை நூற்றுக்கு இரண்டரை.

நல்ல காலத்தில் இதெல்லாம் வெறும் சடங்கு மாதிரித் தெரியும். கெட்ட காலத்தில்தான் அதன் பயன் விளங்குகிறது. இன்றைக்கு இரக்கப்படலாமா, நன்றி சொல்லலாமா, கொஞ்சம் படுக்கலாமா என்று களைத்த மனதோடு ஒவ்வொரு நாளும் புதிதாக முடிவெடுக்க வேண்டியதில்லை. முடிவை முன்னமே எடுத்தாயிற்று. மனம் பின்னால் வந்து சேரலாம், சில நாள் வராமலும் போகலாம். அதற்காகப் பசித்தவர் தட்டில் விழுந்த சோறு போலியாகிவிடாது.

ஓய்வெடுத்தால் குற்றம் செய்வதுபோல இருக்கிறது. முகாமில் சனம் இருக்க நான் படுத்துக் கிடக்கலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் உதவி செய்பவர்கள். முதல் வாரம் நித்திரை இல்லாமல் ஓடித் திரிந்துவிட்டு, மூன்றாம் வாரம் உதவி கேட்டு வருபவர் மேலேயே எரிந்து விழுகிறவர்கள்.

விவிலியத்தில் எலியா தீர்க்கதரிசியின் கதை இருக்கிறது, முதலாம் அரசர்கள் 19ஆம் அதிகாரம். உயிருக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் விழுந்து, "போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும்" என்கிறார். கடவுள் அவருக்குப் பிரசங்கம் வைக்கவில்லை. நித்திரை கொள்ள விடுகிறார். தூதன் வந்து தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுக்கிறான். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடியும் படுக்கிறார். தூதன் மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். பேச்சுவார்த்தை எல்லாம் அதற்கப்புறம், நாற்பது நாள் நடந்த பிறகுதான். சாக வேண்டும் என்று சொன்ன மனிதனுக்குக் கிடைத்த முதல் மருந்து நித்திரையும் சாப்பாடும்.

இயேசு படகின் பின்புறத்தில் தலையணை வைத்துப் புயலுக்குள் உறங்கியதை மாற்கு எழுதியிருக்கிறார். படகுக்காரர் ஊரில் இந்தக் கதைக்குத் தனி மரியாதை உண்டு. அந்த நேரத்தில் யாருக்கும் நித்திரை வராது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

முஸ்லிம் நண்பர்கள், நபித்தோழர்களான ஸல்மானும் அபூதர்தாவும் வரும் ஹதீஸைச் சொல்வார்கள். அபூதர்தா பகல் முழுக்க நோன்பு, இரவு முழுக்கத் தொழுகை என்றிருந்தார். வீட்டுக்கு வந்த ஸல்மான் அவரைச் சாப்பிட வைத்து, படுக்க வைத்து, இரவின் கடைசிப் பகுதியில்தான் தொழ எழுப்பினார். உன் இறைவனுக்கு உன்மேல் உரிமை இருப்பதுபோல உன் உடலுக்கும் குடும்பத்துக்கும் உரிமை உண்டு என்றார். நபிகளாரிடம் போய்ச் சொன்னபோது, ஸல்மான் சொன்னது சரி என்றார்கள்.

சைவத்தில் திருமூலர். உடம்பை இழுக்கு என்று முன்னம் நினைத்திருந்தேன், உடம்புக்குள் உத்தமன் கோயில் கொண்டிருப்பதைக் கண்டபின் அதைப் பேணுகிறேன் என்கிறார். அதுமட்டுமா, சிவனையும் அம்பாளையுமே அர்த்தசாமத்தில் பள்ளியறைக்கு எழுந்தருளச் செய்து நடை சாத்துகிறோம். சாமிக்கே படுக்கும் நேரம் வைத்த நாங்கள் எங்களுக்கு வைக்கவில்லை!

ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பேச்சைக் கேட்டு "சரி, இனி ஞாயிறு ஓய்வு" என்று ஆண்கள் சாய்ந்துகொள்வார்கள். அந்த நாளில் வீட்டில் கூடுதலாக ஒரு கறி வைக்க வேண்டிவரும், சமைப்பது வேறு ஆள். திருவிழாவுக்கும் பெருநாளுக்கும் நத்தாருக்கும் இதே கதை. வீட்டில் ஓய்வு நாள் உண்டா என்று தெரிய வேண்டுமானால் அடுப்படியில் நிற்பவரைக் கேளுங்கள். வாரத்தில் ஒரு நேரமாவது பாணும் சம்பலும் போதும் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டால் அதுவே பெரிய ஆன்மிகம்.

நான் நாள் கூலி. ஒரு நாள் ஓய்ந்தால் அன்றைக்கு அடுப்பு எரியாது. எனக்கு இது பொருந்துமா?

உங்களுக்கு உபதேசம் செய்ய யாருக்கும் உரிமை இல்லை. உங்களுக்கு வேலை தருகிறவர்களுக்குத்தான் இந்தப் பதில்.

விவிலியத்தின் விடுதலைப் பயண நூலில், வனாந்தரத்தில் வானத்திலிருந்து கிடைத்த உணவான மன்னாவின் கதையைப் பாருங்கள். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் பொறுக்க வேண்டும், எடுத்து வைத்தால் புழுப் பிடிக்கும். ஆறாம் நாள் மட்டும் இரண்டு நாளுக்கானது கிடைக்கும், அது கெடாது. ஓய்வு நாளில் ஓயச் சொன்னவர் அந்த நாளுக்கான சோற்றை முதல் நாளே கொடுத்துவிட்டார். சோற்றுக்கு வழி செய்யாமல் "ஓய்வெடு" என்று சொல்வது வெறும் வாய்ப்பேச்சு. வீட்டு வேலைக்கு வருபவருக்கும் கடையில் நிற்கும் பிள்ளைக்கும் சம்பளத்தோடு ஒரு நாள் விடுவது, விரதம் பிடிப்பதற்குக் குறைந்த புண்ணியம் இல்லை.

கடற்றொழிலாளருக்கு இது இன்னும் கடினம். வாடைக் காற்று மாதங்களில் கடல் தானாகவே லீவு விடுகிறது, ஆனால் அது சம்பளமில்லாத லீவு. அந்த மாதங்களில் கடைக் கடனை நெருக்காமல் விடும் முதலாளிமார் இங்கே உண்டு. அவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அவர்களும் சொல்லித் திரிவதில்லை.

நமக்கே பற்றாக்குறை. இதில் மற்றவருக்கு எங்கே கொடுப்பது?

அளவு பார்த்துக் கொடுங்கள். திருமூலர் போட்ட அளவு இது: இறைவனுக்கு ஒரு பச்சிலை, பசுவுக்கு ஒரு வாயுறை, உண்ணும்போது ஒரு கைப்பிடி, பிறருக்கு ஓர் இன்னுரை. நாலும் எல்லோராலும் முடிந்தவை என்றே அவர் தொடங்குகிறார். அரிசி களையும்போது ஒரு பிடியைத் தனிப் பானையில் போட்டு வைக்கும் பிடியரிசிப் பழக்கம் எங்கள் பாட்டிமாருக்கு இருந்தது. ஸகாத்திலும் நிஸாப் என்று ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குக் கீழே இருப்பவர்மேல் கடமை இல்லை. அவர் வாங்கும் பக்கத்தில் நிற்கலாம், அதில் வெட்கமும் இல்லை.

இங்கே ஒரு பழைய கதை. திருகோணமலைக் கோயிலைக் கோணமாமலை என்று பாடிய சம்பந்தர், அப்பரோடு திருவீழிமிழலையில் இருந்தபோது பஞ்சம் வந்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. அடியார்களுக்குச் சோறு போட இருவருக்கும் தினமும் ஒவ்வொரு பொற்காசு கோயிலில் கிடைத்தது. அப்பரின் காசு கடையில் முழு மதிப்புக்குப் போனது. சம்பந்தரின் காசுக்கு வாசி, அதாவது கழிவு, பிடித்தார்கள். அதனால் அவர் மடத்தில் பந்தி பிந்தியது. ஏன் பிந்துகிறது என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட சம்பந்தர், வாசி இல்லாத காசு தாரும் என்று இறைவனிடமே பாடிக் கேட்டார். 2022இல் ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து 350ஐத் தாண்டியதையும், அதே காசுக்குப் பொருள் பாதியாகக் குறைந்ததையும் பார்த்த எங்களுக்கு இந்தக் கதை நன்றாகவே விளங்கும்.

எனக்கு இதில் பிடித்தது, சம்பந்தர் பந்தியை நிறுத்தவில்லை என்பது. பிந்தினாலும் போட்டார். குறையை வெளிப்படையாகக் கேட்கவும் செய்தார். இரக்கப்படுகிறவர் கணக்குக் கேட்கக்கூடாது என்று ஒரு விதியும் இல்லை.

உதவி வாங்குகிறவர்களில் ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்களே?

இருக்கிறார்கள். சாப்பாட்டுப் பொதி என்றால் கேள்வி கேட்காமல் கொடுங்கள். பெரிய தொகை என்றால் கிராம அலுவலரிடமோ தெருவில் நாலு பேரிடமோ விசாரித்துவிட்டுக் கொடுங்கள்.

வேறு மதத்தவருக்கு உதவும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில், முகாமுக்குச் சமைத்தால் மரக்கறியாகச் சமையுங்கள். சைவரும் முஸ்லிம்களும் கத்தோலிக்கரும் சிங்களச் சனமும் ஒரே கிடாரத்தில் இருந்து சாப்பிடலாம், ஹலாலா என்று ஒருவரும் தயங்க வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை விரதக்காரருக்கும் பிரச்சினை இல்லை. நோன்பு மாதம் என்றால் பகல் பொதியை மாலைக்கு மாற்றுங்கள்.

அடுத்தது, பொதிக்குள் துண்டுப்பிரசுரம் வைக்காதீர்கள். எந்த மதமானாலும் சரி. ஈர உடுப்போடு நிற்பவரிடம் அரிசியையும் பிரசுரத்தையும் சேர்த்து நீட்டினால், அரிசிக்கு விலை வைத்த மாதிரித்தான் அவருக்குப் படும்.

பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி வாங்கிக் குடித்து வளர்ந்த இந்துப் பிள்ளைகள் இந்த ஊரில் நிறையப் பேர். சிவராத்திரி விழிப்புக்குத் தேத்தண்ணி அனுப்பிய கிறிஸ்தவ வீடுகளும் உண்டு. கலவர காலங்களில் இதெல்லாம் அறுந்தும் போனது, அதையும் மறைக்க வேண்டாம். அறுந்ததை முடிச்சுப் போட மாநாடு தேவையில்லை, கஞ்சி வாளி திரும்ப வேலிக்கு மேலால் போய்வரத் தொடங்கினால் போதும்.

எல்லாம் இழந்தவரிடம் "உயிராவது தப்பியதே, கடவுளுக்கு நன்றி சொல்லுங்கோ" என்று சொல்லலாமா?

வேண்டாம். நன்றி அவரவர் வாயிலிருந்து வர வேண்டியது. இன்னொருவருக்குக் கட்டளையாகச் சொன்னால் அது அடி மாதிரி விழும். அவரே "உயிர் தப்பினது பெரிய காரியம்" என்று சொன்னால் ஆமென்று தலையாட்டுங்கள். நீங்கள் முந்தாதீர்கள்.

யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் அவரோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான். எட்டாம் நாள் விளக்கம் சொல்லத் தொடங்கிக் கெடுத்துவிட்டார்கள்.

முறையிடுவதும் பக்திதான். "எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13ஆம் சங்கீதம் தொடங்குகிறது. சுந்தரர் கண் பார்வை போனபோது திருவாரூரில் போய், "வாழ்ந்து போதீரே" என்று பாட்டுக்குப் பாட்டு முடித்தார். நீரே நன்றாக வாழ்ந்துகொள்ளும் என்று கடவுளிடம் கோபித்துக்கொள்ளும் அந்தப் பாட்டைத் தேவாரம் என்றுதான் கோயிலில் பாடுகிறோம். ஒருவர் கோயில் வாசலில் நின்று சண்டை பிடித்தால், அவர் இன்னும் அங்கே வந்து நிற்கிறார் என்பதைக் கவனியுங்கள்.

கடல் ஆட்களைக் கொண்டுபோன ஊரில் அந்தக் கடலைப் பார்த்து எப்படி வணங்குவது?

சம்பந்தர் கோணமாமலைப் பதிகத்தில், சந்தனத்தையும் அகிலையும் மணிகளையும் வாரிவந்து முத்துக் கொழிக்கும் கடல் என்று பாடுகிறார். கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலை உச்சியில் நின்று அந்த வரியைக் கேட்கும்போது, நிலாவெளியிலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் 2004இல் ஆட்களை இழந்தவர்களுக்குத் தொண்டை அடைக்கும். அடைக்கட்டும். அன்றைக்கு அந்த வரியை மற்றவர்கள் பாடுவார்கள், அவர் பேசாமல் நிற்கலாம். கூட்டமாக வழிபடுவதில் இந்த ஒரு வசதி இருக்கிறது.

அந்தக் கோயிலே உடைபட்டு எழுந்த கோயில். 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்து, அந்தக் கல்லைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். தம்பலகாமத்தில் ஆதிகோணநாயகர் என்று வழிபாடு தொடர்ந்தது. 1950இல் நகரில் கிணறு வெட்டும்போது விக்கிரகங்கள் வெளிப்பட்டன, 1963இல் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. இடையில் முன்னூறு வருடத்துக்கு மேல். அத்தனை தலைமுறையும் கோயில் இல்லாத மலையைப் பார்த்துக் கும்பிட்டிருக்கிறது. "கெதியில் எல்லாம் சரியாகிவிடும்" என்று அவர்களிடம் யாரும் சொல்லியிருக்க முடியாது.

துக்கம் எத்தனை நாள் வரை சரி?

சடங்குகள் துக்கத்துக்கு ஒரு குறைந்தபட்ச இடம் ஒதுக்குகின்றன. எங்களில் எட்டுச் செலவு, பிறகு 31ஆம் நாள் அந்தியேட்டி. தாய்க்குக் கிரியை செய்ய இராவணன் உண்டாக்கியதாகச் சொல்லப்படும் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழும் பரம்பரையாகச் சனம் அந்தக் கிரியைக்குப் போன இடம். கணவனை இழந்த முஸ்லிம் பெண்ணுக்கு இத்தா என்ற காத்திருப்புக் காலம் நாலு மாதமும் பத்து நாளும். அதற்குள் யாரும் உங்களை அவசரப்படுத்தக்கூடாது என்பதற்கான வேலி அது. அந்த நாளோடு துக்கம் முடிந்துவிட வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

கிரக தோஷம், பெரிய பரிகாரம் செய்தால் நல்ல காலம் வரும் என்கிறார்கள். செய்யலாமா?

நெய் விளக்கு ஏற்றுங்கள், அர்ச்சனை செய்யுங்கள், மனம் ஆறும். கடன் வாங்கிச் செய்யச் சொல்லும் பரிகாரத்தை விட்டுவிடுங்கள். கஷ்ட காலத்தில் பெரிய காசு கேட்பவர் எந்த உடுப்புப் போட்டிருந்தாலும் விலகி நில்லுங்கள்.

கும்பிடுகிறேன், ஓய்வெடுக்கிறேன், ஒன்றும் மாறவில்லை. நித்திரை இல்லை, வாழவே பிடிக்கவில்லை. என் நம்பிக்கை குறைவா?

இல்லை. இது நோயாக இருக்கலாம், நோய்க்கு வைத்தியர் இருக்கிறார். ஒட்டகத்தை அவிழ்த்து விட்டுவிட்டு இறைவனை நம்பவா என்று கேட்டவரிடம், கட்டிவிட்டு நம்பு என்றார்கள் நபிகளார். மாத்திரை எடுப்பதும் கட்டுவதில் சேர்ந்ததுதான். இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். 1333 என்ற ஆலோசனை இலக்கமும் உண்டு. திருகோணமலை வைத்தியசாலைக்குத் தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். உங்களிடம் யாராவது இந்தக் கேள்வியைக் கேட்டால், "கோயிலுக்குப் போ" என்று அனுப்பிவிடாமல் நீங்களே கூடப் போங்கள்.

கனடாவில் இருக்கிறேன். காசு அனுப்புவதைவிட வேறு என்ன செய்யலாம்?

காசைக் குறைத்து நினைக்க வேண்டாம், அனுப்புங்கள். ஆனால் பொதியோடு சனத்தை நிறுத்தி எடுத்த படம் கேட்காதீர்கள், பற்றுச்சீட்டு போதும். உங்கள் பெயரில் அன்னதானம் வைக்கச் சொன்னால், சமைப்பவருக்கும் பாத்திரம் கழுவுபவருக்கும் கூலி சேர்த்து அனுப்புங்கள்.

அப்புறம் தொலைபேசி. உங்களுக்கு வேலை முடிந்து வீட்டுக்கு வரும் நேரம் எங்களுக்கு விடியற்காலை. "வெள்ளமாம், புயலாம், பார்த்தியா" என்று செய்திக் காணொளியோடு அந்த நேரத்தில் எழுப்பினால், கஷ்டப்பட்டுக் கண்மூடிய அம்மா அதோடு விழித்துக்கொள்வார். ரொறன்ரோவில் காலை எட்டு மணி என்றால் இங்கே மாலை ஐந்தரை, உங்கள் குளிர்காலத்தில் ஆறரை. அந்த நேரத்தில் எடுங்கள். சாப்பிட்டாச்சா, நேற்று நித்திரை வந்ததா என்று கேட்டுவிட்டு மற்றதைக் கதைக்கலாம்.